மலைப்பாதையும் தானியங்கிக் கியரின் எண்ணெயும்



அவிசாவளையில் இருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கித்துல்கலையில் களனி கங்கையின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்து, கினிகத்தேனையை அணுகும்போது மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் அப்பாதை நேரான ஒரு மைல் தூரத்தைக் காட்டுவது அரிது. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடிய காலத்திலே இப்பாதையில் கார் ஓட்டிய சாரதியின் இடது கை கியர்த் தண்டை விட்டு அகன்றதில்லை. எந்த வளைவில் எந்தக் கியர் என்பது அவனுக்கு மனப்பாடம். கியரை மாற்றுபவன் அவனே ஆதலால், அதன் நோயையும் அவனே முதலில் அறிந்தான்.

இன்று அந்த இடது கைக்கு வேலை குறைந்துவிட்டது. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின்னர் இலங்கைக்கு வந்து சேர்ந்த கார்களிலே பெரும்பாலானவை தானியங்கிக் கியர் கொண்டவை. கியர் எப்போது மாறுகிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சாரதியின் கை செய்த வேலையை இப்பொழுது ஓர் எண்ணெய் செய்கிறது. அந்த எண்ணெய் இன்னதென்று அறியாமல் எதையேனும் ஊற்றிவிடும் வழக்கம் நம்மிடையே பரவியிருப்பதே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

இது செல்வந்தரின் பொழுதுபோக்குப் பிரச்சினை அன்று. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ தவணைக் கடனில் ஒரு காரை வாங்கி, வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். நள்ளிரவில் லயத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்திற்காக டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தோட்டப் பாதையின் செங்குத்தான ஏற்றத்திலே இயந்திரம் இரைகிறது. வண்டியோ நகர மறுக்கிறது. கியர்ப்பெட்டி நழுவிவிட்டது. அந்த நேரத்தில் அந்தத் தாய்க்கு நேரக்கூடியதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மறுநாள் காலை அந்த இளைஞன் கேட்கும் விலை, பல மாதத் தவணைக்கு ஈடான ஒரு தொகை. 2020 ஆம் ஆண்டு முதல் வாகன இறக்குமதி பல ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்து, 2025 இல் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கப்பட்ட பின்னரும், புதிய வண்டி வாங்குவது எளியவர்க்கு எட்டாக் கனியாகவே இருக்கிறது. இருக்கின்ற வண்டியை நெடுநாள் காப்பதொன்றே வழி.

பிழை எங்கே தொடங்குகிறது? உதிரிப்பாகக் கடையின் வாசலிலே தொடங்குகிறது. “ஒட்டோ கியர் ஒயில் ஒரு போத்தல்” என்று கேட்கிறார்கள். கடைக்காரர் செந்நிற எண்ணெய் நிரம்பிய ஒரு போத்தலை எடுத்து நீட்டுகிறார். வாங்குபவருக்கும் திருப்தி, விற்பவருக்கும் திருப்தி. இதனைத் தேயிலைக்கு ஒப்பிட்டால் மலையகத்தாருக்கு உடனே விளங்கும். தொழிற்சாலையில் சலித்தெடுக்கும் தேயிலை யாவும் கறுப்பு நிறந்தான், ஆயினும் பீ.ஓ.பி. கேட்ட வியாபாரிக்கு டஸ்ட்டைக் கட்டி அனுப்பினால் அவர் வாளாவிருப்பாரா? நிறம் ஒன்றாயிருப்பதனால் தரம் ஒன்றாகிவிடாது. தானியங்கிக் கியர் எண்ணெயிலும் அதே கதைதான். இயந்திர எண்ணெயிலிருந்து எளிதாகப் பிரித்தறிவதற்காக இடப்பட்ட சாயமே அந்தச் சிவப்பு. கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்ள அது உதவும். அதற்கு மேல் அந்த நிறம் எதையும் சொல்வதில்லை. சில வகைகள் பச்சையாகவும் வேறு சில மஞ்சளாகவும் வருகின்றன.

இந்த எண்ணெய் செய்யும் வேலை யாது என்பதைச் சிறிது நோக்குவோம். சாதாரணக் கியர்ப்பெட்டியில் எண்ணெய்க்கு ஒரே தொழில்: பற்சக்கரங்கள் தேயாமல் வழவழப்புத் தருவது. தானியங்கிக் கியரில் அதே எண்ணெய் நான்கைந்து தொழில்களை ஒருங்கே செய்கிறது. இயந்திரத்திற்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே டோர்க் கன்வேட்டர் என்னும் மூடிய பாத்திரம் ஒன்று உண்டு. அதனுள்ளே எதிரெதிராக இரு சிறகுச் சக்கரங்கள் இருக்கும். இயந்திரம் ஒன்றைச் சுழற்ற, அது எண்ணெயை வீசியெறிய, அவ்வெண்ணெயின் வேகத்தால் மற்றையது சுழலும். ஆறு நீர்ச்சக்கரத்தைச் சுழற்றுவது போன்ற காட்சி. அதாவது, வண்டியை மலைமேல் ஏற்றும் பலம் இடையிலே எண்ணெயாகவே பாய்ந்து செல்கிறது. அடுத்து, நுண்ணிய வாய்க்கால்களினூடே அழுத்தத்தோடு சென்று, எந்தக் கிளச் இறுக வேண்டும், எது தளர வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்றுவதும் அதே எண்ணெய். சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆற்றிவருவதும் அதுவே.

ஆனால் இவற்றுள் மிகக் கடினமான பணி வேறொன்று. எண்ணெயில் தோய்ந்த கிளச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றும்போது, எவ்வளவு வழுக்க வேண்டும், எந்தக் கணத்தில் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்பதை அந்த எண்ணெயில் கலந்துள்ள இரசாயனப் பொருள்களே தீர்மானிக்கின்றன. வழுக்கல் மிகுந்தால் தட்டு எரியும். பிடிப்பு மிகுந்தால் வண்டி குலுங்கும். ஒவ்வொரு உற்பத்தியாளரும் தத்தம் தட்டுகளுக்கு ஏற்ற பிடிப்பை வகுத்துக்கொண்டனர். எண்ணெய்களின் பெயர்கள் பெருகியதற்குக் காரணம் இதுவே. வியாபாரத் தந்திரம் மட்டுமே என்று கொள்வது சரியன்று.

வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939 இல், 1940 ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்கென ஹைட்ராமெட்டிக் என்னும் தானியங்கிக் கியரை வெளியிட்டது. 1949 இல் ‘டைப் ஏ’ என்ற எண்ணெய்த் தரத்தை அந்நிறுவனம் வகுத்தது. 1967 இல் ‘டெக்ஸ்ரன்’ பிறந்தது. அதே காலத்தில் ஃபோர்ட் நிறுவனம் வகுத்த ‘டைப் எஃப்’ இதற்கு நேர் எதிரான குணமுடையது: ஒன்று மெல்ல வழுக்கிப் பிடிக்கும், மற்றையது சட்டென்று பிடிக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றியவர்கள் அந்நாளிலேயே கெட்டார்கள். இங்கே ஒரு செய்தி: அக்காலத்து எண்ணெய்களில் பிடிப்பைச் சீர்செய்யச் சேர்க்கப்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு. திருகோணமலைக் கடலிலும் கற்பிட்டிக் கடலிலும் இன்று சுற்றுலாப் பயணிகள் படகேறிச் சென்று பார்க்கும் அதே இனந்தான். 1970 களின் தொடக்கத்தில் அமெரிக்கா அக்கொழுப்பைத் தடைசெய்த பின்னரே இரசாயன வல்லுநர் மாற்றுப் பொருள் தேடினர். கார் ஓட்டுவதற்காகத் திமிங்கிலம் மடிந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இவ்வளவும் பற்சக்கரமும் கிளச் தட்டும் கொண்ட பழைய வகைக்குரிய செய்தி. சி.வி.டி. என்னும் மற்றொரு வகை முற்றிலும் வேறானது. அதிலே படிப்படியான கியர்கள் இல்லை. அகன்றும் ஒடுங்கியும் அளவு மாறக்கூடிய இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது. ஒல்லாந்தரான வான் டோர்ன் 1958 இல் டாஃப் காரில் இறப்பர்ப் பட்டியோடு இம்முறையை அறிமுகப்படுத்தினார். உருக்குப் பட்டி பின்னர் வந்தது. உருக்கின்மேல் உருக்கு நழுவாமல் பற்ற வேண்டும், ஆயினும் தேயக்கூடாது. ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரண்டையும் செய்வதற்கென்றே சி.வி.டி. எண்ணெய் தனியாகக் கலக்கப்படுகிறது. அதற்குப் பதிலாகச் சாதாரணச் சிவப்பு எண்ணெயை ஊற்றினால், பட்டி நழுவிக் கப்பியின் முகத்தைக் கீறிவிடும். கீறிய கப்பியை எந்த எண்ணெயாலும் மீட்க இயலாது. நல்ல எண்ணெயைப் பின்னர் ஊற்றுவது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பதற்கு ஒப்பாகும்.

பெயரை நம்பி ஏமாறும் இடமும் ஒன்றுண்டு. டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ், அக்குவா போன்ற ஹைப்ரிட் கார்களின் கியர் அமைப்பையும் ‘இ-சி.வி.டி.’ என்றே பலர் அழைக்கின்றனர். ஆனால் அதனுள்ளே பட்டியும் இல்லை, கப்பியும் இல்லை. பற்சக்கரங்களும் இரண்டு மின்மோட்டார்களுமே உள்ளன. அந்த மோட்டார்களின் செப்புக் கம்பிச் சுருள்களைத் தொட்டு ஓடிக் குளிரவைப்பதும் அந்த எண்ணெயே. பிரியஸின் இரண்டாந் தலைமுறை முதல் இவ்வகைக் கார்களுக்கு டொயோட்டா விதித்திருப்பது ‘டபிள்யூ.எஸ்.’ என்னும் ஏ.டி.எஃப். எண்ணெய். “இதுவும் சி.வி.டி. தானே” என்று பட்டி வகை எண்ணெயை ஊற்றுவது பெயரால் விளையும் பிழை. இதற்கு மறுபுறமாக, சுசுகி நிறுவனத்தின் சில சிறு கார்களில் ஏ.ஜி.எஸ். என்ற முறை உண்டு. கிளச் மிதியில்லாததால் அதுவும் தானியங்கி போலத் தோன்றும். உண்மையில் அது கையால் மாற்றும் சாதாரணக் கியர்ப்பெட்டியே. மாற்றுவது மட்டும் ஒரு கருவி. அதற்கு வேண்டியது சாதாரணக் கியர் எண்ணெய்.

ஆகவே முதற் கேள்வி எண்ணெயைப் பற்றியது அன்று, கியர்ப்பெட்டியைப் பற்றியது. தன் வண்டியிலே இருப்பது எந்த வகை என்று அறியாதவர் எண்ணெய்க் கடைக்குச் செல்வதில் பயனில்லை.

அறிவது எவ்வாறு? நம் நாட்டுச் சாரதிகள் கார்களை எண்ணாலேயே அழைப்பார்கள். “நூற்று இருபத்தொன்று” என்றால் ஒரு கொரோலா. “நூற்று நாற்பத்தொன்று” என்றால் அதன் பின் வந்த எக்சியோ. ஒரே குடும்பம், ஒரே நிறுவனம், இயந்திரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 121 இன் தானியங்கிக் கியர் நான்கு படிகள் கொண்ட பழைய வகை; அதற்கு டொயோட்டாவின் ‘டி-4’ எண்ணெய். 141 இலே பெரும்பாலானவை சி.வி.டி.; அதற்கு ‘டி.சி.’ என்ற எண்ணெய் விதிக்கப்பட்டது, ‘எஃப்.ஈ.’ என்பது பின்னர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் காருக்கு ஊற்றியதையே தாமும் வாங்குபவர் இந்த இடத்தில் இடறுவார். ஹொண்டாவிலும் நிசானிலும் இதே நிலைதான். ஹொண்டாவின் பழைய சி.வி.டி. களுக்கு எச்.எம்.எம்.எஃப்., பின் வந்தவற்றுக்கு எச்.சி.எஃப்.-2; நிசானில் முன்னவற்றுக்கு என்.எஸ்.-2, பின்னவற்றுக்கு என்.எஸ்.-3.

டொயோட்டா வண்டிகளில் இயந்திர அறையிலோ கதவுத் தூணிலோ அடித்திருக்கும் சிறு தகட்டில் கியர்ப்பெட்டியின் குறியீடு காணப்படும். ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் 340 என்பது நான்கு படிக் கியர். ‘கே’ என்பதோடு தொடங்கும் 310, 311 என்பன சி.வி.டி. அளவுகோல் உள்ள பழைய வண்டிகளில் அதன் பிடியிலேயே எண்ணெயின் பெயர் பொறித்திருப்பதும் உண்டு. கைந்நூல் ஜப்பானிய மொழியில் இருக்கிறதே என்று அதனை வீசியெறிந்தவர் பலர். அவசரப்பட்டுவிட்டார்கள். நூலின் இறுதிப் பக்கங்களில் உள்ள அட்டவணையில் எண்ணெயின் குறியீடு ஆங்கில எழுத்திலேயே அச்சாகியிருக்கும். எஞ்சிய வரிகளைக் கைத்தொலைபேசியின் கமராவே மொழிபெயர்த்துக் காட்டும் காலம் இது. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை.

போத்தலின் மேலுள்ள எழுத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ‘இந்தத் தரத்திற்கு அனுமதி பெற்றது’ என்பது ஒன்று. ‘இவற்றுக்கெல்லாம் பொருந்தும்’ என்பது வேறு. முன்னது வண்டி உற்பத்தியாளர் சோதித்து ஒப்பியது. பின்னது எண்ணெய் விற்பவர் தாமே சொல்லிக்கொள்வது. ‘டெக்ஸ்ரன்-3’ என்ற பெயருக்கு ஜெனரல் மோட்டர்ஸ் அனுமதி வழங்குவதை 2006 ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. எனினும் அப்பெயர் தாங்கிய போத்தல்கள் இன்றும் கடைகளில் நிற்கின்றன. அவற்றுள் நல்லவையும் இருக்கலாம். ஆனால் அப்பெயருக்குப் பொறுப்பேற்க இப்போது ஒருவரும் இல்லை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விளம்பரம் செய்யும் எண்ணெய்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் எண்ணெயாக இருந்து, தமது வண்டிக்கு விதிக்கப்பட்ட குறியீடும் அதன் பட்டியலில் இருந்தால், பழைய நான்கு படிக் கியருக்கு அதனைப் பயன்படுத்துவதில் பெருந்தீங்கு இல்லை. சி.வி.டி. க்கு அந்தத் துணிவு வேண்டாம். இங்கே சேமிக்கும் சில ஆயிரம் ரூபாய், பட்டி நழுவினால் இலட்சமாகத் திரும்பி வரும்.

எண்ணெயின் தடிப்பும் கவனத்துக்குரியது. புதிய எண்ணெய்கள் எரிபொருள் சிக்கனம் கருதி மெல்லியனவாகச் செய்யப்படுகின்றன. டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., டி-4 ஐ விட மெல்லியது. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. மாசி மாதத்துப் பனியில் நுவரெலியாவில் புல் வெளுத்துப் போவதைக் கண்டு, குளிருக்கு மெல்லிய எண்ணெயே நல்லது என்று சிலர் எண்ணுவர். குளிர் நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பனி ஒன்றுமில்லை. மலையகத்தில் கியர் எண்ணெயின் பகை குளிர் அன்று, வெப்பமே.

செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மெல்ல ஊரும்போது டோர்க் கன்வேட்டரின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அந்த வேறுபாடு முழுவதும் எண்ணெயைக் கடைந்து சூடாக்குகிறது. வேகம் குறைவாதலால் ரேடியேட்டருக்குக் காற்றும் போதாது. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய சிறு காரின் நிலையைக் கேட்க வேண்டாம். ஏறத்தாழ 80 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழில்நுட்பர் வழங்கும் கணக்கு. ‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லும் உற்பத்தியாளர்களே, மலைப்பாதையில் ஓடும் வண்டியைக் கடும் உழைப்புக்குரியதென வகுத்து, அதற்குத் தனிக் காலக்கெடு விதிக்கின்றனர். ஹட்டனில் ஓடும் வண்டி நாள்தோறும் கடும் உழைப்பில் உள்ள வண்டி.

ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத்தக்கது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லை இறக்கத்தில் பேருந்து ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு உயிர்கள் பறிபோயின. அவ்விபத்துக்கும் இன்றைய பேச்சின் பொருளுக்கும் தொடர்பில்லை. ஆனால் இறக்கம் என்பது என்ன செய்யும் என்று மலையகத்தார் அறிவர். பிரேக்கை மட்டும் நம்பி நெடுந்தூரம் இறங்கினால் பிரேக் சூடேறித் தளரும். அதனாலேயே ‘டி’ யில் விடாமல் ‘2’, ‘எல்’, ‘எஸ்’, அல்லது ஹைப்ரிட்டில் ‘பி’ என்ற நிலைக்கு மாற்றி, இயந்திரத்தையே கடிவாளமாக்கி இறங்குகிறோம். ஹைப்ரிட் அல்லாத வண்டிகளில் அந்தக் கடிவாளத்தைப் பிடித்திருப்பவை கியர்ப்பெட்டியின் கிளச்சுகளும் பட்டியுமே. சாதாரணத் தானியங்கிக் கியரில், தகாத எண்ணெயாலோ கருகிய எண்ணெயாலோ கிளச் நழுவினால், தண்டு ‘எல்’ இல் நிற்கும்; வண்டி தன் விருப்பப்படி ஓடும்.

நோய்க்குறிகளைக் காட்டாமல் கியர்ப்பெட்டி திடீரெனக் கெடுவதில்லை. காலையில் ‘ஆர்’ போட்டதும் ஓரிரு வினாடி தாமதித்து இழுப்பது, ஏற்றத்தில் இயந்திரம் இரைந்தும் வேகம் கூடாமை, மெல்லச் செல்லும்போது மரப்பாலத்தில் ஓடுவது போன்ற நடுக்கம், எண்ணெயில் தீய்ந்த மணம் ஆகியன முன்னறிவிப்புகள். எண்ணெய் பால் கலந்தது போல இளஞ்சிவப்பாக மாறினால், ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்திருக்கிறது; அந்த வண்டியை ஒரு மைல்கூட ஓட்டலாகாது.

தவறான எண்ணெய் ஏற்கெனவே ஊற்றப்பட்டுவிட்டால்? ஒருமுறை திறந்து வடிப்பதால் அது முழுவதும் போய்விடாது. கன்வேட்டரிலும் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். ஒருமுறைக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு வெளியேறுகிறது என்று கொண்டால், மூன்று முறை மாற்றிய பின்னும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பழையதே எஞ்சும். எனவே சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் வடித்து, மீண்டும் ஊற்ற வேண்டும். இதற்கு வேண்டிய எண்ணெயின் செலவைக் கேட்டுத் திகைப்பவர்கள், புதுக் கியர்ப்பெட்டியின் விலையையும் விசாரித்துவிட்டுத் திகைக்கட்டும்.

அளவு பார்க்கும் முறையும் வண்டிக்கு வண்டி வேறுபடும். பலவற்றில் இயந்திரம் சூடாகி ஓடிக்கொண்டிருக்கையிலேயே பார்க்க வேண்டும். ஹொண்டாவில் நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். அளவுகோலே இல்லாத புதிய வண்டிகளில், எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அடியிலுள்ள அடைப்பைத் திறந்து, வழிவதைக் கொண்டு அளவறிவார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை, வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும் என்பது. தோட்டத்தில் அதைத் தேடுவதே ஒரு வேலை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முற்றமோ பாடசாலை மைதானமோ கிடைத்தால் நல்லது. சாய்ந்த பாதையில் நிறுத்தி அளவு பார்த்து, குறைகிறதென்று மேலும் ஊற்றினால், மிகுந்த எண்ணெய் நுரைத்து, நுரையிலுள்ள காற்றினால் அழுத்தம் குன்றும். குறைவாக ஊற்றினால் நேரும் கேடே மிகுதியாக ஊற்றினாலும் நேரும்.

எண்ணெய் மாற்றிய அன்று, போத்தலில் உள்ள குறியீட்டையும் திகதியையும் ஓடிய கிலோமீற்றரையும் ஒரு தாளில் எழுதி, பொனற்றின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது சில சாரதிகளின் வழக்கம். குறியீட்டை ஆங்கில எழுத்திலேயே எழுதி, மற்றச் செய்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவார்கள். வண்டி கம்பளையில் நின்றாலும் இரத்தினபுரியில் நின்றாலும், அங்குள்ள மெக்கானிக் பொனற்றைத் திறந்ததும் முதலில் அந்தத் தாளே அவர் கண்ணில் படும்.